கழனியும் ஆலையும் பள்ளியும்

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வாண்டில், கடந்து வந்த வழியை நினைந்து மகிழ்வது இயல்பே. எனினும் அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல், நம் பிள்ளைகள் இனிச் செல்லவிருக்கும் வழியையும் எண்ணிப் பார்த்தல் நம் கடனாகும். இன்று தொழில் நிறுவனங்கள் பள்ளிகளின் வாயிலுக்கே வந்து நிற்கின்றன. தமக்கு வேண்டிய தொழிலாளரைப் பள்ளிப் பருவத்திலேயே பழக்கிக்கொள்ள விரும்புகின்றன. அதற்காகக் கருவிகள் தருகின்றன, பயிற்சியாளரை அனுப்புகின்றன, பாடத்திட்டம் வகுப்பதிலும் பங்கு கேட்கின்றன. இது புதுமை என்று பலர் கருதுகின்றனர். வரலாற்றை நோக்கின், வேலை கொடுப்போர் கல்வியின்மேல் கண் வைப்பது பழைய செய்தியே என்பது விளங்கும். நம் மக்களைப் பொறுத்தவரை அது பல தலைமுறைச் செய்தி. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்ணையும் பள்ளியும்

காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் பாயும் இந்நெல்வள நாட்டில் நெடுங்காலம் ஒரே ஒரு தொழில்தான் இருந்தது. ஒரே ஒரு வகை முதலாளிதான் இருந்தார். உழவே தொழில், மிராசுதாரே முதலாளி. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என 1843ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சட்டம் செய்தது. ஆயினும் பண்ணையாள் முறை என்ற பெயரில் அதன் நிழல் இம்மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பண்ணையாளின் மகன் பால் மணம் மாறாத பருவத்திலேயே மாடு மேய்க்கப் போனான். தோள் வலுத்ததும் ஏர் பிடித்தான். மகள் நாற்றுப் பறிக்கவும், நடவு நடவும், களை எடுக்கவும் தாயின் அருகில் நின்றே கற்றாள். இதுவே அந்நாளில் எதிர்காலத் தொழிலாளரை உருவாக்கும் முறை. இதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை, கரும்பலகையும் தேவைப்படவில்லை.

பண்ணைக்குப் பள்ளி வேண்டாததோடு, பள்ளி கூடாது என்ற நிலையும் இருந்தது. எழுத்தறிந்த பண்ணையாள் கணக்குக் கேட்பான். கூலி அளக்கும் மரக்கால் சரியான மரக்கால்தானா என்று பார்ப்பான். கடன் சீட்டில் எழுதியிருப்பது என்ன என்று படித்தறிவான். ஆகவே எழுத்து சேரிக்குள் வருவதை நிலவுடைமையாளர் பலர் விரும்பவில்லை. சாணிப்பாலும் சாட்டையடியும் ஒழிய வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு போராடி, 1944ஆம் ஆண்டில் மன்னார்குடி ஒப்பந்தம் பெற வேண்டியிருந்தது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. அதன் பின்னரும், கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. பள்ளியில் அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அக்குடிசையில் எரிந்தனர் என்பதைக் கல்விச் சங்கத்தினராகிய நாம் என்றும் மறத்தலாகாது.

கடல் கடந்த தோட்டப் பள்ளிகள்

நிறுவனம் நடத்தும் பள்ளியை நம் மக்கள் மிகுதியாகக் கண்டது தாய்மண்ணில் அன்று, கடலுக்கு அப்பால்தான். நாகப்பட்டினம் துறைமுகம் மலாயாவுக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளரின் பெருவாயிலாக விளங்கியது. பண்ணையின் கட்டிலிருந்து விடுபட விரும்பிய ஆதிதிராவிட மக்கள் பலர் கங்காணிகளின் சொல்லை நம்பிக் கப்பலேறினர். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலின் பெயர் கீழத்தஞ்சையின் முதியோர் பலர்க்கு நினைவிருக்கக்கூடும். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை, கங்காணி வழியான இவ்வாட்சேர்ப்பு தொடர்ந்து நடைபெற்றது.

மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. இலங்கையிலும் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பு 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தப்பட்டது. ஆகவே இரப்பர் கம்பெனிகளும் தேயிலைக் கம்பெனிகளும் பள்ளி நடத்தின. பெரும்பாலானவை தொடக்க வகுப்புகளோடு நின்றன. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்தார். படித்த பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேறுவான் என்பதைக் கம்பெனி நன்கு அறிந்திருந்தது. பெயரெழுதவும் எண்ணிக் கணக்கிடவும் கற்றால் பால் வெட்டுவதற்குப் போதும் என்று அது கல்வியைத் தன் மரக்காலால் அளந்து தந்தது. ஊரில் பண்ணை மறுத்ததை அங்கே தோட்டம் அளந்து கொடுத்தது என்பதே வேறுபாடு.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அளந்து தந்த அக்கல்வியும் வீணாகவில்லை. அத்தோட்டப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தொழிற்சங்கத்தாரும் தோன்றினர். மலேசியாவில் இன்றும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நிலைத்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் வேர் தோட்டப் பள்ளிகளில் உள்ளது. கொடுப்போர் எந்நோக்கத்தோடு கொடுத்தாலும், கல்வி கொண்டோர் கையில் வேறு வடிவம் பெறுகிறது என்பதற்கு இது சான்று.

இரயிலும் ஆலையும்

நம் நாட்டுப் பகுதிக்குப் பெருந்தொழில் வந்தது இரயிலின் வடிவில். 1861இல் நாகப்பட்டினத்திற்கும் தஞ்சாவூருக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டில் அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. நாகையில் அமைந்த இரயில்வேப் பட்டறையில் கொல்லரும் தச்சரும் கடைசல் தொழிலாளரும் புதிய தொழில்நுட்பம் கற்றனர். 1874இல் தென்னிந்திய இரயில்வே கம்பெனி உருவானது. பின்னர்ப் பட்டறைகளை ஓரிடத்தில் குவிக்கக் கம்பெனி முடிவு செய்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் பெரும் பட்டறை எழுந்தது. நாகைப் பட்டறையின் வேலை 1928ஆம் ஆண்டளவில் அங்கே சென்றது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் அதன் தலைவர்களுள் ஒருவராக நின்றார். போராட்டம் ஒடுக்கப்பட்டது. கம்பெனியின் தேவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்ந்தால், அக்கம்பெனியை மட்டும் நம்பிக் கற்ற தொழிலும் ஊரை விட்டுப் பெயர்ந்துவிடும் என்பது நாகை நமக்குக் கற்பித்த பாடம்.

வடக்கே ஜமால்பூரில் இரயில்வே கம்பெனி 1888இல் தொழிற்பள்ளி ஒன்றையே நடத்தத் தொடங்கியது. ஆனால் அக்காலத்தில் இரயில்வேயின் உயர்ந்த தொழிற்பயிற்சி வாய்ப்புகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே சென்றன. தண்டவாளம் இடுதல், மண் சுமத்தல், கரி அள்ளுதல் ஆகியவற்றுக்குப் பயிற்சி தேவையில்லை. அங்கே நம் மக்களுக்கு இடம் இருந்தது.

சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் நடத்திய பள்ளி, தமிழகத்தில் ஆலையும் பள்ளியும் இணைந்ததற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். 1881, 1891, 1911ஆம் ஆண்டுகளின் தொழிற்சாலைச் சட்டங்கள் சிறுவரின் வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைத்தன. பாதி நாள் ஆலையில் வேலை செய்த சிறுவர்கள் மீதி நேரத்தில் ஆலைப் பள்ளியில் படித்தனர். தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் அப்பள்ளி இடம் தந்தது. அந்நாளில் நாட்டின் வேறு பல ஆலைகளில் காணாத ஏற்பாடு இது. ஆதிதிராவிடர் பெருந்தொகையில் பணிபுரிந்த ஆலைகளும் இவையே. எனினும் 1921ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் சாதி இந்துத் தொழிலாளர்க்கும் இடையே புளியந்தோப்பில் பெருங்கலகம் மூண்டது. ஒரே கூரையின் கீழ் வேலையும் ஒரே நிறுவனத்தின் பள்ளியும் சாதியைத் தாமாகவே கரைத்துவிடுவதில்லை என்பதை அது காட்டியது.

லேபர் பள்ளிகள்

சென்னை மாகாண அரசு 1919-20ஆம் ஆண்டுகளில் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கெனத் தனி அதிகாரி ஒருவரை அமர்த்தியது. அத்துறை தொழிலாளர் துறை என்றே பெயர் பெற்றது. அது நடத்திய பள்ளிகளை மக்கள் லேபர் பள்ளி என்றே அழைத்தனர். பிற பள்ளிகளில் நுழைய முடியாத நம் பிள்ளைகளுக்கு அவை கதவு திறந்தன. அத்துறை உதவித்தொகை தந்தது, விடுதிகள் கண்டது, மிராசுதாரின் மனையில் குடியிருந்தமையால் வாய் திறக்க அஞ்சியோர்க்குக் குடியிருப்பு மனைகளும் வாங்கித் தந்தது. இவற்றை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் அப்பெயரை உற்று நோக்குதல் வேண்டும். ஏனையோர் பிள்ளைகள் மாணாக்கர் என்று பள்ளிக்குச் செல்ல, நம் பிள்ளைகள் தொழிலாளர் என்ற முத்திரையோடு பள்ளிக்குள் நுழைந்தனர். பிறந்தபோதே அவர்கள் செய்ய வேண்டியது என்ன என்று முடிவு செய்யப்பட்டுவிட்டது போலும்! 1949இல் தனித்துறையாகி, பின்னர் ஆதிதிராவிடர் நலத்துறை என்று அது பெயர் மாறிய வரலாற்றில் ஒரு சமூகத்தின் மதிப்பு உயர்ந்த கதையும் அடங்கியிருக்கிறது.

அரசும் முதலாளியும் தரும் வரை காத்திராமல் தாமே பள்ளி கண்டோரும் உண்டு. கொள்ளிடத்திற்கு அப்பால் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். யாருடைய வேலைக்கு ஆள் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து அப்பள்ளி பிறக்கவில்லை. நம் பிள்ளை யாராக வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களுக்கு அவரே முன்னோடி.

அண்ணல் காட்டிய நெறி

தொழிற்கல்வி வேண்டுமா, பொதுக்கல்வி வேண்டுமா என்ற வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களிடையேயும் இது எழுந்தது. புக்கர் வாசிங்டன் 1881இல் டஸ்கிகியில் பள்ளி கண்டு, கைத்தொழிலே முன்னேற்றத்தின் அடிப்படை என்றார். செல்வர்களின் நன்கொடையும் பெற்றார். கைத்தொழிலோடு நிறுத்தினால் ஒரு சமூகம் என்றும் பிறர்க்கு உழைப்பதற்கே உரியதாகிவிடும் என்றும், உயர்கல்வியும் வாக்குரிமையும் உடன் வேண்டும் என்றும் டூ பாய்ஸ் 1903இல் மறுத்துரைத்தார்.

அண்ணல் அம்பேத்கர் இவ்விரண்டையும் இணைத்துக் கண்டார். உயர்கல்விக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய அவர், தொழிற்பயிற்சியைச் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. பம்பாய் ஆலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லை. நாடாவில் நூல் கோப்பதற்கு வாயால் உறிஞ்ச வேண்டும், அதனால் தீட்டு என்று பிற தொழிலாளர் தடுத்தனர். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் காலத்தில் அண்ணல் இதனை வெளிப்படையாக எடுத்துக் கேட்டார். திறமைக்குக் கதவடைத்தது திறமைக்குறைவு அன்று, சாதியே என்று நாட்டுக்குக் காட்டினார். வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்த 1942ஆம் ஆண்டிலேயே அவர் அரசுக்கு அளித்த குறைதீர் மனுவில், தாழ்த்தப்பட்டோர்க்கு உயர்கல்வி உதவித்தொகை கேட்டார். அதே மனுவில் அரசு அச்சகங்களிலும் இரயில்வேப் பட்டறைகளிலும் தொழில் பழகுநர் இடங்களும் கேட்டார். பல்கலைக்கழகமும் பட்டறையும் ஒரே கையால் கேட்கப்பட்டன. இதுவே நமக்கு நெறி.

சட்டம் தந்த பிடிப்பு

விடுதலைக்குப் பின், 1950இல் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான திட்டமும், 1961இல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தன. நிறுவனம் விரும்பினால் பயிற்சி தரலாம் என்ற நிலை மாறி, குறிப்பிட்ட தொழில்களில் பழகுநரைச் சேர்த்தல் கடமையாயிற்று. பழகுநர்க்கு உதவித்தொகை தருதலும் கடமையாயிற்று. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பழகுநர் இடங்களில் ஒதுக்கீடு தந்தது. தனியார் நிறுவனத்திற்கும் இது பொருந்தும் என்பதை நம்மவர் பலர் இன்னும் அறியார். தனியார் வேலைகளில் இட ஒதுக்கீடு இல்லாத நாட்டில், பழகுநர் பயிற்சியில் மட்டுமேனும் சட்டம் நமக்கு ஒரு பிடிப்பைத் தந்துள்ளது.

ஆனால் பயிற்சி முடித்தவர்க்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஏனைய தகுதிகள் சமமாயின், பயிற்சி பெற்றவர்க்கு முன்னுரிமை தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1995இல் உரைத்தது. பயிற்சி என்ற சொல்லே பொறியாக மாறியதும் உண்டு. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரால் இளம்பெண்கள் மூன்றாண்டுகள் பழகுநராக விடுதிகளில் அடைக்கப்பட்டனர். இறுதியில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி, குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் வேலை வாங்கினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்களே மிகுதி. திருமணச் செலவுக்கு அஞ்சிய தாய் தந்தையரின் வறுமையே அங்கே மூலதனமாயிற்று.

இற்றைநாள் நிலை

இன்று கழனியில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. நம் தாய்மாரின் வேலை நாள்கள் குறைந்துவிட்டன. காவிரிக் கழிமுகம் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. மண்ணைக் காக்க அது தேவையே. ஆயினும் பெருந்தொழிற்சாலைகள் ஓரகடத்திலும் ஓசூரிலும் பெருகும்போது, நம் பிள்ளைகள் வேலைக்காக ஊரை விட்டுச் செல்லும் நிலையே தொடர்கிறது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் திறக்கப்பட்ட சிறு டைடல் பூங்கா போன்றவை இந்நிலையைச் சிறிது மாற்றக்கூடும்.

இச்சூழலில்தான் நிறுவனங்களும் பள்ளிகளும் கைகோக்கும் திட்டங்கள் வந்துள்ளன. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளுள் கல்வியும் ஒன்று. தமிழக அரசு 2022 மார்ச்சு முதல் நாள் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ. 2,877 கோடித் திட்டத்தில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து புதுப்பிக்க முனைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்குப் பயிற்சியளித்து வேலையில் அமர்த்தும் டெக்பீ திட்டத்தை எச்.சி.எல். நிறுவனம் 2017இல் தொடங்கியது. வேலையில் இருந்துகொண்டே பட்டம் படிக்க அது வழி செய்கிறது. பட்டம் வழங்கும் கல்வி நிறுவனங்களுள் தஞ்சையின் சாஸ்திராவும் ஒன்று. அதன் தகவல் தொழில்நுட்பப் பணிகளில் சேரக் கணிதம் படித்திருக்க வேண்டும். நம் சிற்றூர்ப் பள்ளிகளில் கணிதத்திற்கு அஞ்சி வேறு பிரிவுக்குச் செல்லும் பிள்ளைக்கு, பதினைந்து வயதிலேயே இக்கதவு மூடிவிடுகிறது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

திறமை ஒன்றே போதும் என்று நம்பிவிடவும் இயலாது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பி, பேராசிரியர்கள் தோரட்டும் அட்டவெலும் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர்க்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே என்று அது கண்டது. பம்பாய் ஆலையின் நாடா இன்று காகிதத்தில் ஓடுகிறது எனலாம்.

நாம் கொள்ள வேண்டிய நிலை

ஆகவே நிறுவனங்கள் பள்ளிக்கு வருவதை நாம் வெறுக்க வேண்டியதில்லை. கைகூப்பி நிற்கவும் வேண்டியதில்லை. வருவோரிடம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி முடிவில் அரசு ஏற்கும் சான்றிதழ் உண்டா? அச்சான்றிதழ் வேறு நிறுவனத்திலும் செல்லுமா? பழகுநர் இடங்களில் நம் பங்கு நிரப்பப்படுகிறதா? உதவித்தொகை எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு? பெண் பிள்ளைகளின் விடுதிக்குப் பெற்றோர் விரும்பியபோது சென்று வரலாமா? கணிதமும் மொழியும் வரலாறும் குறைக்கப்படாமல் பயிற்சி நடைபெறுகிறதா? மேற்படிப்புக்குச் செல்ல வழி திறந்திருக்கிறதா? கூலி அளந்த மரக்காலைச் சரிபார்க்க நம் பாட்டன்மார்க்கு எழுத்து வேண்டியிருந்தது. ஒப்பந்தத் தாளைச் சரிபார்க்க நம் பிள்ளைகளுக்கு அதனினும் மிகுந்த கல்வி வேண்டும்.

இப்பணியில் சங்கத்திற்கும் பங்குண்டு. எட்டாம் வகுப்பு முதல் மாலை நேரக் கணித வகுப்பு. பத்தாம் வகுப்பு முடிப்போர்க்கு எந்தப் பாடப்பிரிவு எந்த வழிக்குச் செல்லும் என்ற விளக்கம். பழகுநர் சட்டத்தின் உரிமைகளை எடுத்துரைக்கும் கூட்டம். பயிற்சிக்குச் சென்ற பிள்ளைகளைப் பற்றிய பதிவேடு ஆகியவை பெரும்பொருள் வேண்டாத பணிகள். சென்ற பிள்ளை என்ன ஆனான், என்ன ஆனாள் என்று கேட்பதற்கு ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது என்பதை நிறுவனங்கள் அறிந்தாலே பாதி நன்மை விளையும்.

பண்ணை நமக்குக் கல்வியை மறுத்தது. தோட்டம் அளந்து கொடுத்தது. ஆலை பாதி நாள் கொடுத்தது. அரசு முத்திரை குத்திக் கொடுத்தது. பின்னர் உரிமையாகவும் கொடுத்தது. இவை அனைத்தையும் கடந்து வந்த சமூகம், இனி எவ்வளவு கல்வி போதும் என்பதைப் பிறர் முடிவு செய்ய விடலாகாது. கழனிக்கோ ஆலைக்கோ கணிப்பொறி நிலையத்திற்கோ நம் பிள்ளைகள் செல்லட்டும், விரும்பிச் செல்லட்டும், விரும்பாதபோது வேறு வழி தேடிக்கொள்ளும் ஆற்றலோடு செல்லட்டும். அவ்வாற்றலைத் தருவதே பள்ளியின் வேலை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் வேலையும் அதுவே.